மழையில் ஏறிய எண்ணும் கடற்கரை மணலும்

கேள்வி: கூடங்குளம் அணுமின் நிலையத்திலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஊர் ஒன்றில் அறிவியல் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். வெளிநாட்டில் வேலை செய்யும் என் தம்பி, கையடக்கமான கதிர்வீச்சு அளவி ஒன்றை வாங்கி வந்தான். வீட்டுக்குள் அது மணிக்கு 0.14 மைக்ரோசீவர்ட் காட்டுகிறது. ஓர் ஆண்டுக்குக் கணக்கிட்டால் 1.2 மில்லிசீவர்ட்டுக்கு மேல் வருகிறது. பொதுமக்களுக்கான ஆண்டு வரம்பு 1 மில்லிசீவர்ட் என்று படித்திருக்கிறேன். மொட்டைமாடியில் வழக்கமாக 0.12 காட்டும் கருவி, ஐப்பசி மழை நாளொன்றில் மாலை ஆறு மணிக்கு 0.21 காட்டியது. கடற்கரையில் சிவப்பும் கறுப்புமாக மணல் படிந்த ஓரிடத்தில் 0.48 வரை ஏறியது. எங்கள் வீட்டில் வாரத்தில் ஐந்து நாள் மீன்தான். அதைத் தொடர்ந்து சாப்பிடலாமா? எதைக் கேட்டாலும் "வரம்புக்கு உட்பட்டே இருக்கிறது" என்று மட்டும் பதில் வருகிறது; அதை எப்படி நம்புவது? ஊரில் புற்றுநோய் கூடிவருவதாகவும் பேச்சு இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளை வைத்து நாங்களே ஏதாவது அளந்து பார்க்க முடியுமா?

பதில்: அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை முதலில் சொல்லிவிடுகிறேன். அச்சத்தோடு எழுதியிருந்தாலும், ஒவ்வோர் எண்ணோடும் எந்த இடத்தில், எப்போது, எந்த வானிலையில் அளந்தீர்கள் என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறீர்கள். சுற்றுச்சூழல் கதிர்வீச்சை அளக்கும் வேலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் நான். கருவி காட்டும் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. அந்த இடத்தில் வழக்கமாக எவ்வளவு இருக்கும் என்பதும், இப்போது கூடியிருப்பதற்கு எந்தக் கதிரியக்கத் தனிமம் காரணம் என்பதும் தெரிந்த பிறகுதான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டாகும். உங்களுடைய எல்லாக் கேள்விகளுக்கும் விடை இந்த இரண்டுக்குள் அடங்கியிருக்கிறது.

வரம்பைப் பற்றிய குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம். சீவர்ட் என்பது உடல் பெறும் கதிர்வீச்சுக்கான அலகு; ஆயிரம் மைக்ரோசீவர்ட் சேர்ந்தால் ஒரு மில்லிசீவர்ட். உங்கள் கணக்கில் தவறில்லை. ஆண்டுக்கு 8,760 மணி நேரம், 0.14-ஆல் பெருக்கினால் 1,226 மைக்ரோசீவர்ட், அதாவது 1.2 மில்லிசீவர்ட்டுக்குச் சற்று மேல். ஆனால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் விதித்திருக்கும் 1 மில்லிசீவர்ட் என்பது, அணுமின் நிலையத்தின் இயக்கத்தால் இயற்கைக்கு மேல் கூடுதலாக வந்து சேரும் அளவுக்கான வரம்பு. மண்ணும் பாறையும் தருவது, விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர் தருவது, மூச்சில் போகும் ரேடான் வாயு தருவது, உணவிலுள்ள பொட்டாசியம் தருவது ஆகிய எதுவும் அந்தக் கணக்கில் சேராது. மருத்துவமனையில் எடுக்கும் எக்ஸ்ரேயும் சி.டி. ஸ்கேனும்கூடச் சேர்வதில்லை. இயற்கையிலிருந்து மட்டும் ஒரு மனிதருக்கு உலகச் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் கிடைப்பதாக ஐக்கிய நாடுகள் அவையின் அறிவியல் குழு மதிப்பிட்டிருக்கிறது. உங்கள் வீட்டின் 0.14, செங்கல்லும் சிமெண்டும், தரையில் கிரானைட் பதித்திருந்தால் அந்தக் கிரானைட்டும் சேர்ந்து தருவது. அடுத்த முறை மதுரைக்கோ திருச்சிக்கோ உறவினர் வீட்டுக்குப் போகும்போது கருவியைக் கையோடு கொண்டுபோய்ப் பாருங்கள்; இதே அளவையோ இதைவிடச் சற்றுக் கூடுதலாகவோ காட்டினால் வியக்க வேண்டாம்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஆண்டு வரம்பு முழுவதையும் மணிக்கணக்கில் பிரித்தால் 0.114 மைக்ரோசீவர்ட் வரும். ஆலையால் அவ்வளவு கூடினால் உங்கள் மொட்டைமாடி அளவு இருமடங்காகிவிடும், அதை உங்கள் கருவி காட்டிக்கொடுக்கும். வரம்பின் நூறில் ஒரு பங்கு கூடினால் அதை இந்தக் கருவி காட்டாது. ஆகவே உங்கள் கருவியில் ஒன்றும் தெரியவில்லை என்பதை வைத்து ஒன்றும் வெளிவரவில்லை என்று முடிவுகட்டுவதும் தவறுதான்.

இனி மழைக்கு வருகிறேன். உங்களைக் கலங்க வைத்த அந்த 0.21-ஐ நானும் பார்த்திருக்கிறேன். வேலையில் சேர்ந்த புதிதில், இரவுப் பணியில் தனியாக இருந்தபோது, நல்ல மழையில் சுவரிலிருந்த பதிவுக் கருவியின் கோடு மேலே ஏறத் தொடங்கியது. மூத்தவர் ஒருவரைத் தொலைபேசியில் எழுப்பினேன். அவர் பதறவில்லை. "வெளியே போய் ஒரு தகரத் தட்டின் மேல் விழுந்த மழைத் தண்ணீரை வடிதாளால் துடைத்து எடுத்து வா. கருவிக்கு அடியில் வைத்துப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எண்ணி, வரைபடத் தாளில் குறி. விடிந்ததும் பேசுவோம்" என்றார். குறித்துக்கொண்டே வந்தேன். ஏறத்தாழ அரை மணி நேரத்தில் எண்ணிக்கை பாதியானது. அடுத்த அரை மணி நேரத்தில் அதிலும் பாதி. விடியற்காலையில் தாள் வெறும் தாளாக இருந்தது.

நடந்தது இதுதான். பாறையிலும் மண்ணிலும் உள்ள யுரேனியம் படிப்படியாகச் சிதைந்து ரேடான் என்ற வாயுவாக நிலத்திலிருந்து ஓயாமல் கசிந்துகொண்டிருக்கிறது. காற்றில் அந்த ரேடான் சிதையும்போது பிறக்கும் ஈயம்-214, பிஸ்மத்-214 ஆகியவை வாயுக்கள் அல்ல. நுண்தூசியில் ஒட்டிக்கொண்டு மேகம் வரை மிதந்து கிடப்பவை. மழை அவற்றைக் கழுவித் தரைக்குக் கொண்டுவந்துவிடுகிறது. ஆயிரம் மீட்டர் உயரத்துக்குப் பரவிக் கிடந்தது உங்கள் மொட்டைமாடித் தளத்தில் ஒரு மெல்லிய படலமாகச் சேர்ந்துவிடுவதால் கருவி ஏறுகிறது. ஈயம்-214-இன் அரை ஆயுட்காலம், அதாவது இருப்பதில் பாதி சிதைய ஆகும் நேரம், ஏறத்தாழ 27 நிமிடம், பிஸ்மத்-214-இன் அரை ஆயுட்காலம் 20 நிமிடம். ஆகவே மழை ஓய்ந்து இரண்டு மூன்று மணி நேரத்தில் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். பல நாள் வெயிலுக்குப் பின் வரும் முதல் மழையில் ஏற்றம் நன்றாகத் தெரியும். அடைமழையில் நிலம் ஊறிவிட்டால், மண்ணிலிருந்து வரும் கதிரை நீரே ஓரளவு தடுத்துவிடுவதால், வழக்கத்தைவிடச் சற்றுக் குறைவாகக்கூடக் காட்டும். உலகின் எந்த ஊரில் மழை பெய்தாலும் இது நடக்கிறது. நீங்கள் மாலை ஆறு மணி அளவை எழுதியிருக்கிறீர்கள். இரவு ஒன்பது மணிக்கு என்ன காட்டியது என்று எழுதியிருந்தால் உங்களுக்கே விடை கிடைத்திருக்கும்.

உண்மையாகவே உலையிலிருந்து வந்ததாக இருந்தால்? உலையில் உண்டாகும் சீசியம்-137-இன் அரை ஆயுட்காலம் 30 ஆண்டு, அயோடின்-131-இன் அரை ஆயுட்காலம் 8 நாள். மழையோடு அவை இறங்கினால், மழை நின்ற பிறகும் கருவி இறங்காது. 1986 ஏப்ரல் 28 அன்று காலை சுவீடனின் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் ஓர் ஊழியரின் காலணி, வாயிலில் இருந்த சோதனைக் கருவியை ஒலிக்க வைத்தது. தங்கள் ஆலையில்தான் ஏதோ உடைந்துவிட்டது என்று அவர்கள் முதலில் அஞ்சினார்கள். காலணியில் ஒட்டியிருந்த தனிமங்கள் எவை என்று பிரித்துப் பார்த்த பிறகே, அவை தங்கள் உலைக்குரியவை அல்ல என்பதும், ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர் அப்பாலிருந்து காற்றில் வந்து மழையோடு இறங்கியவை என்பதும் தெரிந்தன. இரண்டு நாளுக்கு முன் அன்றைய சோவியத் ஒன்றியத்தின் செர்னோபில் அணுமின் நிலையத்தில் நடந்த விபத்து வெளியுலகுக்குத் தெரியவந்தது அந்தக் காலணியால்தான். "எவ்வளவு" என்ற கேள்வியோடு அவர்கள் நின்றிருந்தால், தங்கள் ஆலையையே குடைந்துகொண்டிருந்திருப்பார்கள். "எது" என்று கேட்டதால் உண்மை வெளிப்பட்டது.

உங்கள் கருவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இதற்குள் இருப்பது, கதிர் பட்டால் ஒரு மின்துடிப்பைத் தரும் சிறிய கைகர் குழாய். இயற்கை அளவில் அது நிமிடத்துக்கு 25 துடிப்புகளை எண்ணுகிறது என்று வைத்துக்கொள்வோம். கதிரியக்கச் சிதைவு தற்செயலாக நடப்பது என்பதால், அந்த 25 என்பது அடுத்த நிமிடம் 20 ஆகவும் அதற்கடுத்த நிமிடம் 30 ஆகவும் இருக்கலாம். இருபது விழுக்காடு ஏற்ற இறக்கம் முற்றிலும் இயல்பானது. பத்து நிமிடம் தொடர்ந்து எண்ணினால் 250 துடிப்பு கிடைக்கும், ஏற்ற இறக்கம் ஏறத்தாழ ஆறு விழுக்காடாகச் சுருங்கிவிடும். திரையில் கண நேரம் தோன்றும் மிக உயர்ந்த எண்ணைக் குறித்து வைக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

கடற்கரையின் 0.48 வேறு கதை, அது உங்கள் கடற்கரைக்கே உரிய கதை. தென்கோடிக் கரை நெடுக மணலில் கனிமங்கள் கலந்து கிடக்கின்றன: கறுப்பு நிறத்தில் இல்மனைட், சிவப்பில் கார்னெட், தேன் மஞ்சள் நிறத்தில் மோனசைட். கறுப்பு மணல்தான் கதிர்வீசுகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். கதிருக்கு முதன்மைக் காரணம் அதனோடு கலந்திருக்கும் மோனசைட்டில் உள்ள தோரியம். திருவிதாங்கூரிலிருந்து போன தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1909-இல் மோனசைட்டை அடையாளம் கண்டார். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் மணலைப் பிரித்தெடுக்கும் தொழில் அதன் பின்தான் தொடங்கியது. அன்றைக்கு அணு உலை என்ற எண்ணமே உலகில் இல்லை. எரிவாயு விளக்கின் வலைத்திரிக்குத்தான் தோரியம் தேவைப்பட்டது. மணவாளக்குறிச்சிக் கரையில் சில இடங்களில் இன்றும் மணிக்கு 1 மைக்ரோசீவர்ட்டுக்கு மேல் காட்டும்.

இந்தக் கனிமங்கள் சாதாரண மணலைவிடக் கனமானவை. அலை அடித்துத் திரும்பும்போது லேசான வெண்மணலை இழுத்துக்கொண்டு போகிறது, கனமானது கரையிலேயே தங்கிவிடுகிறது. கடல் சீறும் மாதங்களில் பட்டை பட்டையாகச் செம்மணலும் கருமணலும் வெளியே தெரியும், பின்பு வெண்மணல் மூடிவிடும். ஆகவே ஒரே இடத்தில் ஆடியில் ஓர் அளவும் தையில் வேறோர் அளவும் கிடைப்பது அங்கே வழக்கம்தான். இரண்டையும் ஒப்பிட்டு ஆலையின் மேல் குற்றம் சொல்வதும் சரியல்ல. மணலைக் காரணம் காட்டி ஆலையைப் பற்றிய எல்லாக் கேள்வியையும் ஒதுக்கிவிடுவதும் சரியல்ல. கூடங்குளத்தின் முதல் உலையில் 2013 ஜூலை 13 அன்றுதான் தொடர்வினை தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் அதே கரையில் அளந்து வைத்த எண்கள்தான் இதற்கு நடுவர்.

அந்த எண்களை யார் வைத்திருக்கிறார்கள் என்பதைச் சொல்கிறேன். இந்தியாவில் ஒவ்வோர் அணுமின் நிலையத்தை ஒட்டியும் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் சுற்றுச்சூழல் ஆய்வுக்கூடம் ஒன்று செயல்பட்டு வந்திருக்கிறது. உலை இயங்கத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அதை அமைத்து, அந்த வட்டாரத்தின் இயற்கை நிலையைப் பதிவு செய்து வைப்பது நடைமுறை. கூடங்குளத்திலும் அப்படியே நடந்தது. ஆலையைச் சுற்றி 30 கிலோமீட்டர் வரை மாதிரிகள் எடுக்கிறார்கள். உங்கள் ஊரும் அதற்குள் வருகிறது. பல இடங்களில் வெப்ப ஒளிர்வு அளவிகள் என்ற சிறு அட்டைகளைத் தொங்கவிட்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்துப் போய்ச் சூடேற்றி, அவை விடும் ஒளியை வைத்து அந்தக் காலாண்டின் மொத்தக் கதிர்வீச்சைக் கணக்கிடுகிறார்கள். உங்கள் கருவியின் ஒரு நிமிடத்துக்கும் இந்த மூன்று மாதத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லலாம்.

இனி மீன். கருவியை மீனின் மேல் வைத்துப் பார்ப்பதால் பயன் ஏதுமில்லை. ஆய்வுக்கூடத்தில் இது நடக்கும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதைப் பார்த்தவர்கள் குறைவு. சாளையோ நெத்திலியோ சூரையோ, கரையில் மக்கள் வாங்கும் இடத்திலேயே வாங்கி, நாம் உண்ணும் பகுதியை மட்டும் எடுத்து, நிறுத்து, அடுப்பில் உலர்த்தி, பின்பு மின்சூளையில் மெதுவாகச் சாம்பலாக்குவார்கள். வெப்பம் 450 பாகை செல்சியஸைத் தாண்டக் கூடாது. தாண்டினால் நாம் தேடும் சீசியமே ஆவியாகிப் போய்விடும். பத்துக் கிலோ மீன் கைப்பிடிச் சாம்பலாகும். அந்தச் சாம்பலைச் சிறு புட்டியில் அடைத்து, தடித்த ஈயச் சுவர்களுக்குள் இருக்கும் ஜெர்மானியம் என்ற தனிமத்தின் படிகத்தால் ஆன கண்டறிவியின் மேல் வைத்து, ஓர் இரவு முழுவதும் எண்ணுவார்கள். திரவ நைட்ரஜனால் சுழியத்துக்குக் கீழ் 196 பாகைக்குக் குளிர்விக்கப்பட்ட அந்தப் படிகம், வரும் ஒவ்வொரு காமாக் கதிரின் ஆற்றலையும் தனித்தனியே பிரித்துக் காட்டும். காலையில் வந்து திரையைப் பார்த்தால், ஆற்றல் அளவுகோலில் 1461 (கிலோ எலக்ட்ரான் வோல்ட்) என்ற இடத்தில் ஓர் உயரமான முகடு நிற்கும். அது பொட்டாசியம்-40, உலகம் தோன்றிய நாளிலிருந்து இருப்பது. கடல் மீன் ஒரு கிலோவில் அது ஏறத்தாழ நூறு பெக்கரல் இருக்கும், அதாவது நொடிக்கு நூறு அணுக்கள் சிதையும். நம் உடம்பிலேயே அது நாலாயிரம் பெக்கரல் அளவில் எப்போதும் இருக்கிறது.

ஆய்வாளரின் கண் தேடுவது வேறு இடத்தை. 662 என்ற இடத்தில் முகடு எழுந்திருந்தால் அது சீசியம்-137. அப்போதும் உடனே முடிவுக்கு வர முடியாது; 1950-களிலும் 60-களிலும் வல்லரசுகள் திறந்த வெளியில் வெடித்துச் சோதித்த அணுகுண்டுகளின் சீசியம் இன்னும் உலகின் எல்லா மண்ணிலும் கடலிலும் சிறிதளவு இருக்கிறது. அதனால்தான் நான் எப்போதும் சீசியம்-134-ஐத் தேடுவேன். அதன் அரை ஆயுட்காலம் இரண்டு ஆண்டுதான். செர்னோபிலிலிருந்து வந்ததுகூட இன்றைக்கு எஞ்சியிருக்காது. ஆகவே மீனிலோ கடல்பாசியிலோ அது தெரிந்தால், அண்மையில் ஏதோ ஓர் உலையிலிருந்து வந்தது என்று ஐயமில்லாமல் சொல்லிவிடலாம். ஸ்ட்ரான்சியம்-90 காமாக் கதிரை விடாது; அதை வேதியியல் முறையில் பிரித்தெடுத்து, அது சிதைந்து இட்ரியம் என்ற தனிமம் சேர்வதற்காக இரண்டு வாரம் காத்திருந்து எண்ண வேண்டும். கதிரியக்க ஹைட்ரஜனான டிரிட்டியத்தின் கதிர் நம் தோலைக்கூடத் துளைக்காத அளவுக்கு மெலிந்தது. நீரை வடித்து, ஒளிரும் திரவத்தில் கலந்துதான் அதைக் காண முடியும். இவற்றில் எதையும் கையிலிருக்கும் கருவி காட்டாது.

கடல் மீன் உண்பவருக்குக் கதிர்வீச்சின் பெரும்பகுதி பொலோனியம்-210 என்ற இயற்கைக் கதிரியக்கத் தனிமத்திலிருந்து வருகிறது. குடலோடு உண்ணும் சிறு மீன்களிலும் சிப்பியிலும் அது கூடுதல். ஆலை கட்டுவதற்கு முன்பும் அது இருந்தது, ஆலை இல்லாத கரையிலும் இருக்கிறது, நம் முன்னோர் உண்ட மீனிலும் இருந்தது. நீங்கள் குறித்தனுப்பிய எண்களில் மீனைத் தவிர்க்கச் சொல்லும் காரணம் ஒன்றுகூட இல்லை. உங்கள் வீட்டில் மீன் குழம்பு வழக்கம்போல் கொதிக்கட்டும்.

பாலையும் ஆட்டையும் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லத் தோன்றுகிறது. காற்றில் அயோடின்-131 வெளிவந்தால் அது புல்லில் படிந்து, மாட்டின் வழியே ஒரே நாளில் பாலுக்கு வந்துவிடும். 1957 அக்டோபரில் இங்கிலாந்தின் விண்ட்ஸ்கேல் உலை தீப்பிடித்தபோது, சுற்றியுள்ள ஏறத்தாழ 500 சதுர கிலோமீட்டர் பரப்பில் கறந்த பாலையெல்லாம் வாரக்கணக்கில் கொட்ட வேண்டியதாயிற்று. அந்தப் பாடத்தால்தான் உலகெங்கும் பால் மாதிரி எடுக்கிறார்கள். நம் ஊரில் ஆடு இன்னும் நல்ல சாட்சி. பகலெல்லாம் பல இடம் அலைந்து மேயும் ஆட்டின் தைராய்டு சுரப்பி, அது மேய்ந்த பரப்பு முழுவதிலும் உள்ள அயோடினைத் திரட்டி வைத்துக்கொள்ளும். இறைச்சிக் கடையில் அந்தச் சிறு சுரப்பியைக் கேட்டு வாங்கிப்போகும் ஆய்வக ஊழியரைக் கடைக்காரர் முதலில் விசித்திரமாகத்தான் பார்ப்பார்.

"வரம்புக்கு உட்பட்டது" என்ற பதிலுக்கு வருகிறேன். ஒழுங்குமுறை வாரியத்தின் ஆண்டறிக்கைகள், ஒவ்வோர் அணுமின் நிலையத்தின் வேலியோரத்திலும் பொதுமக்களுக்குக் கூடுதலாகச் சேரும் அளவை வெளியிடுகின்றன. கூடங்குளத்துக்குத் தரப்படும் அளவு, வரம்பின் மிகச் சிறிய பங்கு. எனக்குத் தெரிந்த அளவீட்டு முறைகளை வைத்துப் பார்க்கையில் அதை நம்பாமல் இருக்க எனக்குக் காரணமில்லை. ஆனால் நான் நம்புவது, அந்த எண் எப்படி வந்தது என்று எனக்குத் தெரிவதால். அது தெரியாத ஒருவரிடம் போய், முடிவை மட்டும் சொல்லி நம்பு என்று கேட்பது நியாயமில்லை. ஆலையை நடத்துவதும் அணுசக்தித் துறையின் நிறுவனம், சுற்றுப்புறத்தை அளப்பதும் அதே துறையின் நிறுவனம் என்னும்போது மக்கள் மனத்தில் ஐயம் எழுவது இயல்பு. ஒழுங்குமுறை வாரியத்துக்குச் சட்டப்படியான தன்னாட்சி இல்லாததை, 2012-இல் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையே குறையாகச் சுட்டிக்காட்டியது. பிரான்சில் 1986-இல் செர்னோபில் மேகத்தின் பாதிப்பை அரசுத் தரப்பு குறைத்துச் சொன்னதால் வெகுண்ட மக்கள், கிரிராத் என்ற தனி ஆய்வுக்கூடத்தையே தொடங்கினார்கள். மக்களுக்கு எண்களைத் தர மறுக்கும்போது அவர்கள் வேறு வழி தேடிக்கொள்வார்கள்.

ஆகவே நீங்கள் கேளுங்கள். எழுத்து மூலமாக, தேவையானால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேளுங்கள். "கண்டறியப்படவில்லை" என்று எழுதியிருந்தால், எவ்வளவுக்குக் கீழே இருந்தால் ஆய்வுக்கூடக் கருவிக்குத் தெரியாது என்று கேளுங்கள். அந்தக் கீழெல்லை இல்லாத "கண்டறியப்படவில்லை" என்ற சொல்லுக்கு எந்த மதிப்பும் இல்லை. 2013-க்கு முன் அதே மீனில், அதே கிணற்றில், அதே கரையில் என்ன இருந்தது என்று கேளுங்கள். மாதிரியை எங்கே, எந்த மாதத்தில் எடுத்தீர்கள் என்று கேளுங்கள்; ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே மேற்கிலிருந்து காற்று பாயும் மாதங்களிலும், வாடை வீசும் மாதங்களிலும், ஆலைப் புகைபோக்கியிலிருந்து வருவதைக் காற்று கொண்டுபோகும் திசை ஒன்றாக இருக்காது. இந்தக் கேள்விகளுக்கான விடை நல்ல தமிழில், மாதம் ஒரு தாளாக, ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டப்பட வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். அதற்கு ஆகும் செலவு, ஒரு குடுவை திரவ நைட்ரஜனின் விலைகூட இல்லை.

புற்றுநோய் பற்றிய கவலைக்குக் கதிர்வீச்சு அளவீட்டால் மட்டும் விடை சொல்ல முடியாது. யாருக்கு, எந்த வயதில், எந்த உறுப்பில் வந்தது என்ற பதிவேடு பல ஆண்டுகளுக்குத் தொடர்ந்து இருக்க வேண்டும். கேரளத்தின் கருநாகப்பள்ளியில், மோனசைட் மணலின் மேல் வாழும் ஏறத்தாழ 70,000 பேரைப் பத்தாண்டுக்கு மேல் பின்தொடர்ந்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், கதிர்வீச்சு கூடிய இடங்களில் புற்றுநோய் கூடுதலாக இருப்பதாகத் தெரியவில்லை. கதிர்வீச்சு தீங்கற்றது என்று அதற்குப் பொருளில்லை. அந்த அளவில் தீங்கு இருந்தாலும், அவ்வளவு பேரை அவ்வளவு காலம் பார்த்தும் பிரித்துக் காணும் அளவுக்கு இல்லை என்பதே பொருள். யாருக்கேனும் கட்டியோ ஆறாத புண்ணோ இருந்தால், காரணம் எது என்ற விவாதத்துக்குக் காத்திராமல் உடனே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

பிள்ளைகளை வைத்து அளக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் செய்யுங்கள். ஃபுகுஷிமா விபத்துக்குப் பின் 2011-இல் ஜப்பானில் தொடங்கிய சேஃப்காஸ்ட் என்ற தன்னார்வ முயற்சி, கருவிகளைக் கார்களில் பொருத்தித் தெருத்தெருவாக அளந்து, எல்லா எண்களையும் எவரும் பார்க்கும்படி வெளியிட்டது. உங்கள் பள்ளிக்கு ஒரு கருவியும் ஒரு நீள நோட்டும் போதும். விளையாட்டுத் திடலில் ஓரிடத்தைக் குறித்துக்கொண்டு, ஒரு மீட்டர் உயரமுள்ள முக்காலியின் மேல் கருவியை வைத்து, காலை ஒன்பது மணிக்குப் பத்து நிமிடத் துடிப்புகளை எண்ணி எழுதுங்கள். பக்கத்தில் மழை, வெயில், காற்று வரும் திசை ஆகியவற்றைக் குறியுங்கள். மைக்ரோசீவர்ட்டைவிடத் துடிப்பின் எண்ணிக்கையை எழுதுவதே நல்லது, ஏனென்றால் கருவி உண்மையில் அளப்பது அதைத்தான். மழை பெய்த நாளில், எவர்சில்வர் தாம்பாளம் ஒன்றை வெளியே வைத்து, ஓய்ந்தவுடன் மெல்லிய தாளால் துடைத்து மடித்துக் கருவியோடு ஒட்டி வைத்து, நான் அன்றிரவு செய்ததைப் பிள்ளைகளையும் செய்யச் சொல்லுங்கள்; அரை ஆயுட்காலம் என்று பாடப் புத்தகத்தில் படிப்பதை அவர்களே தாளில் வரைந்துவிடுவார்கள்.

மழையில்லாத நாளில், உங்கள் அளவு வழக்கத்தைவிட இருமடங்குக்கு மேலாகி, மூன்று மணி நேரம் கடந்தும் இறங்காமல், வேறோர் இடத்தில் வைத்தாலும் அப்படியே காட்டினால், அதைப் பொருட்படுத்த வேண்டும். கருவியின் மின்கலத்தை மாற்றிப் பார்த்துவிட்டு, மாவட்ட நிர்வாகத்துக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் எண்களோடு தெரிவியுங்கள். ஆலையைச் சுற்றி 16 கிலோமீட்டர் வரை அவசரகாலத் திட்டம் உண்டு. உங்கள் ஊர் அதற்குள் இருக்கிறது. ஒத்திகை நடக்கும்போது பள்ளியிலிருந்து யார் எங்கே போக வேண்டும் என்பதை எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அயோடின் மாத்திரையை அறிவிப்பு வராமல் யாரும் தாமாக விழுங்கக் கூடாது என்பதையும் பெற்றோரிடம் சொல்லி வையுங்கள்.

கடிதத்தின் ஓரத்தில், மாணவர்கள் அந்தச் செம்மணலை ஒரு புட்டியில் எடுத்து வந்து ஆய்வக அலமாரியில் வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். மூடியை இறுக்கி வையுங்கள். அதன் தூசி மூச்சில் போகக் கூடாது. அந்தப் புட்டியிலிருந்து ஐந்து, பத்து, இருபது சென்டிமீட்டர் தள்ளிக் கருவியை வைத்து அளக்கச் சொல்லுங்கள். தொலைவு கூடக்கூட எண் எப்படிச் சரிகிறது என்று பார்த்த பிறகு, மணலை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய்க் கொட்டிவிடலாம். மார்ச் மாதம் தேர்வு தொடங்குவதற்கு முன் நோட்டின் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பி வையுங்கள். நான் உட்கார்ந்து பார்த்து, ஒவ்வொரு மேட்டுக்கும் என்ன காரணமாக இருக்கலாம் என்று பிள்ளைகளுக்கே எழுதுகிறேன்.